பாட்டிலில் தண்ணீர் இருந்தது: கோடை கிரிக்கெட் முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. தென்சென்னையில் வாடகைக்கு எடுத்த மைதானம் ஒன்றில், 12 வயதுக்கு உட்பட்டோருக்கான கோடைப் பயிற்சி முகாமின் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காலை 10 மணியளவில் 11 வயது விக்கெட் கீப்பர் ஒருவன் ஸ்டம்புக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலைவலி, குமட்டல், இரண்டு கெண்டைக்கால்களிலும் பிடிப்பு. மரத்தடிக்குத் தூக்கி வந்ததும் வாந்தி எடுத்தான். அன்று மாலை அவன் பையைப் பிரித்த அம்மா, அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் மீதமிருந்ததைப் பார்த்தார்.

சிறுவன் அன்றே தேறிவிட்டான். ஆனாலும் இதை விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் அந்த முக்கால் பாட்டில் தண்ணீர்தான். ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது முகாமின் விதி. அவன் கொண்டுவந்தான். “மறக்காமல் குடி” என்று அம்மா சொல்லி அனுப்பினார். பயிற்சியாளரும் காலையில் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சொல்லியும் பிள்ளை குடிக்கவில்லை என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் என்ற முறையில், என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லும்படி பெற்றோர்களும் பயிற்சியாளரும் சேர்ந்தே என்னைக் கேட்டார்கள். சிறுவனின் பெற்றோர் ஒப்புதலுடன் எழுதுகிறேன். பெயர்களையும் இடத்தையும் தவிர்த்திருக்கிறேன்.

அன்று காலை

சிறுவனின் எடை 34 கிலோ. நோய் நொடி எதுவும் இல்லாதவன். ஆண்டுத் தேர்வு முடிந்து முகாம் தொடங்கிய முதல் வாரம் அது. அதற்கு முந்தைய வாரங்களில் பகல் முழுவதும் மின்விசிறியின் கீழ் படிப்பு. மாலை விளையாட்டையும் தேர்வுக்காக நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஐ.பி.எல். ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை பார்த்துவிட்டுத் தூங்கினான். காலை ஐந்தரைக்கு எழுந்து அரை டம்ளர் பால் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினான். எழுந்ததும் கழித்த சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தது என்று பின்னர் கேட்டபோது சொன்னான். அதாவது, காலில் பேட் கட்டுவதற்கு முன்பே அவன் உடலில் நீர் குறைந்திருந்தது.

6.45 மணிக்கு ஓட்டமும் உடற்பயிற்சியும் தொடங்கின. ஏழரைக்குத் தொடங்க வேண்டிய 25 ஓவர் ஆட்டம், எதிரணி வந்துசேரத் தாமதமானதால் 8 மணிக்குத்தான் தொடங்கியது. அந்த அரை மணி நேரத்தை ஈடுகட்ட, பத்தாவது ஓவருக்குப் பின் விட வேண்டிய தண்ணீர் இடைவேளையைக் கைவிட்டார்கள். பதினைந்தாவது ஓவர் வாக்கில் இருந்தே சிறுவன் பந்துக்குப் பந்து குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டான். குனிந்தவன் எழவே சிரமப்பட்டான் என்று முதல் ஸ்லிப்பில் நின்ற பையன் சொல்கிறான். கையில் விழுந்த பந்துகளையும் தவறவிட்டான். எல்லையோரத்திலிருந்து “தூங்குகிறாயா?” என்று அதட்டல் வந்தது.

அந்த அதட்டலுக்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பயிற்சி தருபவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கவனம் சிதறினால், எரிச்சல்பட்டால், பேச்சைக் குறைத்தால், வெயில் காலத்தில் அதுவே முதல் அறிகுறி. வாந்தியும் மயக்கமும் பிறகுதான் வரும்.

மரத்தடியில் செய்ததும் மருத்துவமனையில் செய்ததும்

ஹெல்மெட், பேட், கையுறை எல்லாவற்றையும் உடனே கழற்றினார்கள். சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினார்கள். இவை அனைத்தும் சரியானவை. அடுத்து ஒரு தாய், தன் மகளுக்காக வைத்திருந்த இனிப்புப் பான அட்டைப்பெட்டியை ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) என்றே நம்பிக் கொடுத்தார். சிறுவன் ஒரே மூச்சில் உறிஞ்சினான். அடுத்த நிமிடமே மறுபடியும் வாந்தி.

அந்தத் தாயின் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக அந்த மூன்று எழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்றன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்கள் அந்த எழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உண்மையான கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை இதைவிடப் பல மடங்கு கூடினால் குடலுக்குள் நீர் உறிஞ்சப்படுவது தாமதமாகும், குமட்டலும் கூடும்.

அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது சிறுவன் தெளிவாகப் பேசினான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். உடல் வெப்பம் சற்றுக் கூடியிருந்தது, அவ்வளவுதான். வெப்பச் சோர்வும் நீர் இழப்பும் என்றார் மருத்துவர். பொட்டலத்தில் வரும் ஓ.ஆர்.எஸ். தூளைக் கரைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டு மடக்கு என்று அம்மாவையே கொடுக்கச் சொன்னார். பிற்பகலில் சிறுநீர் கழித்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்.

சிறுவன் தெளிவாகப் பேசினான் என்பதுதான் அன்றைய பெரிய ஆறுதல். உளறல், தள்ளாட்டம், யார் எவர் என்று தெரியாத நிலை, வலிப்பு, மயக்கம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அதை, உயிருக்கே ஆபத்தான வெப்பவாதமாகவே (ஹீட் ஸ்ட்ரோக்) கொள்ள வேண்டும். அப்போது உடலின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். விளையாடும்போது வரும் வெப்பவாதத்தில் உடல் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். தோல் வறண்டால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது. ஒருவர் 108 ஐ அழைக்க, மற்றவர்கள் அந்த நொடியிலிருந்தே பிள்ளையைக் குளிர்விக்க வேண்டும். தொட்டியோ பெரிய அண்டாவோ இருந்தால் ஐஸ் போட்ட தண்ணீரில் கழுத்தளவு அமர்த்தி, தலை சாயாமல் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகே வண்டியில் ஏற்றுவது. நினைவில்லாத பிள்ளையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

சென்னையின் காலை நேரம்

“காலையில்தானே நடத்துகிறோம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோமே” என்பது பயிற்சியாளரின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். மதுரைக்கோ வேலூருக்கோ இந்த வாதம் பொருந்தலாம். சென்னைக்குப் பொருந்தாது.

உடலைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவதே. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாவதில்லை. சொட்டி மண்ணில் விழுகிறது. அப்படிச் சொட்டும் வியர்வையால் உடலுக்கு நீர் நட்டம், உப்பு நட்டம், குளிர்ச்சி மட்டும் இல்லை. வறண்ட ஊரில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், கடலோரப் புழுக்கத்தில் அதே பானை அவ்வளவு குளிராததும் இதே காரணத்தால்தான். சென்னையில் கோடைக் காலைகளில் வெப்பநிலை குறைவாக இருக்கும், ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். ஏழு மணிக்கே சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடுகிறது. பின்னர் வெயில் ஏறுகிறது. மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே வரப் பிற்பகல் ஆகிவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது இந்த நகரத்தில்தான். புழுக்கத்தில் தொடங்கி வெயிலில் முடியும் மூன்று மணி நேரப் பயிற்சி, இரண்டின் கேட்டையும் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் இரவு நேரம் டர்ஃப் மைதானங்களில் ஆடும் பிள்ளைகளுக்கும் வெயில் இல்லையே தவிர, புழுக்கம் அப்படியே இருக்கிறது.

இதோடு முதல் வார ஆபத்தும் சேர்ந்துகொண்டது. உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும்; வியர்வையில் குறைவான உப்பையே வெளியேற்றும்; ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். தேர்வறையிலிருந்து நேரே முழுநீளப் பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. பெரும்பாலான கோடை முகாம்கள் இப்படித்தான் தொடங்குகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

ஏன் குடிக்கவில்லை

பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசினேன். ஆய்வின் மையம் அந்தப் பேச்சில்தான் கிடைத்தது.

பைகள் எல்லாம் நுழைவாயிலருகே, ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் குவிந்திருந்தன. ஆடுகளத்திலிருந்து ஓடிப் போய் வர வேண்டிய தூரம். நிழல் நகர்ந்தபின் பாட்டில்கள் வெயிலில் கிடந்தன. “சுடுதண்ணீராக இருந்தது, குடிக்கப் பிடிக்கவில்லை” என்று பலர் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கச் சாரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் விட்டுவிடுவார்தான். ஆனால் வலைப்பயிற்சியில் வரிசையை விட்டுப் போனால் பேட்டிங் வாய்ப்பு பின்னுக்குப் போய்விடும். அடிக்கடி கேட்பவனை மற்றப் பையன்கள் கேலி செய்வார்கள். விக்கெட் கீப்பரின் நிலை இன்னும் மோசம். கையில் கையுறை, தலையில் ஹெல்மெட். யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

சிறுவன் இன்னொன்றும் சொன்னான். “வேர்த்த உடம்போடு தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும், வியர்வை அடங்கட்டும் என்று பாட்டி சொல்வார்கள்.” பேரன்மீது உள்ள அன்பில் சொன்னது அது. ஆனால் மூன்று மணி நேரம் வியர்வை அடங்கவே அடங்காத இடத்தில் அந்த அறிவுரை பிள்ளையைத் தாகத்தோடு நிறுத்திவிடுகிறது. வியர்க்கும்போது குடிப்பதால் சளி பிடிப்பதில்லை. பாட்டியிடம் நானே போய்ப் பேசினேன். மருத்துவர் சொன்னதையும் எடுத்துச் சொன்னபின் ஏற்றுக்கொண்டார். இப்போது அவரே மோர் கடைந்து கொடுத்தனுப்புகிறார்.

பெண் பிள்ளைகளிடம் கேட்டபோது வேறொரு பதில் வந்தது. முகாமில் சில சிறுமிகளும் இருந்தார்கள். அவர்களில் ஒரு வேகப்பந்து வீச்சாளர், காலையில் எழுந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று வெகு இயல்பாகச் சொன்னாள். மைதானத்தில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது, சாவி காவலாளியிடம், அவர் எங்கே என்று தேடிப் போய்க் கேட்கக் கூச்சம். பையன்கள் மதில் சுவரோரம் போய்விடுகிறார்கள். அவள் தாகத்தை அடக்கப் பழகிக்கொண்டாள். அன்று சுருண்டு உட்கார்ந்தவன் அந்தச் சிறுவன், அவளாகவும் இருந்திருக்கலாம். பூட்டிய கழிப்பறை இருக்கும் மைதானத்தில் “நிறையத் தண்ணீர் குடி” என்று ஒரு பெண் குழந்தையிடம் சொல்வதை அறிவுரை என்று என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளின் நீர்ச்சத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் முதலில் அந்தக் கதவைத் திறந்துவிட்டுப் பேச வேண்டும்.

பிள்ளைகளின் தாகம் உடலின் தேவையை விடப் பின்தங்கியே வருகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. வெயிலில் உடற்பயிற்சி செய்யும் சிறுவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தாலும் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை என்று, சிறுவர் உடற்பயிற்சி பற்றி ஆராய்ந்த மருத்துவர் ஓடெட் பார்-ஓரின் குழுவினர் 1980 முதல் பல ஆய்வுகளில் காட்டினார்கள். 1996 இல் அவர்களே, பானத்தில் சுவையும் சிறிது உப்பும் சேர்த்தால் சிறுவர்கள் தாங்களாகவே கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்றும் கண்டார்கள். நம் ஊர் நீர்மோருக்கு இதைவிட நல்ல பரிந்துரை வேண்டுமா?

எவ்வளவு, எதை

9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 100 முதல் 250 மில்லி, வளரிளம் பருவத்தினருக்கு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டல். நம் சிறுவன் மூன்று மணி நேரம் களத்தில் இருந்தான். மிகக் குறைந்த அளவை வைத்துக் கணக்கிட்டாலே 900 மில்லி குடித்திருக்க வேண்டும். குடித்ததோ சுமார் 125 மில்லி. உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே ஆட்டமும் கவனமும் சரியும். 34 கிலோ பிள்ளைக்கு அது 680 மில்லிதான்.

மில்லிக் கணக்கு மைதானத்தில் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் பிள்ளைகளைப் பாட்டிலிலிருந்து 10 மடக்கு குடிக்கச் சொல்லி, எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் தன் மடக்குக் கணக்கு தெரிந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் உப்பும் சிறிது சர்க்கரையும் உதவும். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய 1 முதல் 2 கிராம் உப்பு போகிறது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்கு இது மருந்தாகாது, விளையாட்டுக்கு மட்டும். இளநீரில் பொட்டாசியம் தாராளமாக உண்டு, உப்பு குறைவு. ஆட்டம் முடிந்தபின் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் பொருத்தம். நுங்கு, தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் இடைவேளைக்கு ஏற்றவை. காஃபீன் கலந்த ஆற்றல் பானங்கள் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த நாள் ஒரு தந்தை, மைதானத்துக்கு வந்ததும் மகனை ஒரு லிட்டர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்க வைத்தார். அது தவறு. அளவுக்கு மிஞ்சிய வெறும் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். அதன் தலைவலியும் வாந்தியும் வெப்பச் சோர்வைப் போலவே தெரியும் என்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்துக் கெடுத்துவிடுவோம். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

மாற்றியவை, மாறாதவை

பயிற்சி நேரம் 6 முதல் எட்டேகால் வரை என்று சுருங்கியது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரம் பாதி நேரம்தான். 20 நிமிடத்துக்கு ஒரு விசில். எல்லோரும் நிறுத்திவிட்டுக் குடிக்க வேண்டும். யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை, யாருடைய வரிசையும் போவதில்லை. பள்ளிகளில் கேரளம் 2019 இல் தொடங்கி, தமிழகமும் 2025 இல் கொண்டுவந்த தண்ணீர் மணியின் அதே யோசனைதான். பயிற்சியாளர் முதல் ஆளாகக் குடிக்கிறார். பிள்ளைகள் அவரைத்தான் பார்க்கிறார்கள். பாட்டில்கள் இப்போது இரண்டு பக்க எல்லைக்கோட்டிலும், குடையின் கீழ், பெயர் எழுதி. கீப்பர்கள் ஒவ்வொரு விசிலுக்கும் ஹெல்மெட்டும் கையுறையும் கழற்ற வேண்டும். ஐந்து ஓவருக்கு ஒரு முறை காலில் கட்டிய பேட்டையும் தளர்த்த வேண்டும். கீப்பரை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு பெட்டி நிறைய ஐஸும் துண்டுகளும் தயாராக இருக்கின்றன.

கழிப்பறைதான் நாளெடுத்தது. தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்றார் மைதான உரிமையாளர். பெற்றோர்கள் பணம் போட்டுச் சரிசெய்தார்கள். சாவி இப்போது பயிற்சி நேரம் முழுவதும் முகாமுக்கு வரும் ஒரு தாயிடம் இருக்கிறது. அந்த வாரத்திலேயே சிறுமிகளின் பாட்டில்கள் காலியாகி வரத் தொடங்கின.

எடை பார்ப்பதையும் முயன்றோம். வீட்டுத் தராசுகள் சிறிய வேறுபாட்டைச் சரியாகக் காட்டுவதில்லை. வளரும் பிள்ளைகளை மற்றவர் முன்னால் எடை போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். காலைச் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னது நன்றாகவே பலித்தது. வெளிர் மஞ்சள் என்றால் வரலாம். அடர் மஞ்சள் என்றால் குடித்துவிட்டு வர வேண்டும். பெற்றோர்கள் நிரப்பித் தர வேண்டிய அட்டை மட்டும் சீக்கிரமே நின்றுபோனது.

முகாமின் மீதி நாட்களில் இப்படி வேறு யாரும் சாயவில்லை. ஒரே முகாமை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. அணித் தேர்வாளர்கள் வந்த நாளில் பெரிய பையன்கள் பலர் விசிலுக்குப் பின்னும் பாட்டிலைத் தொடாமல் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுவன் சில நாள் ஓய்வுக்குப் பின், மருத்துவர் சம்மதத்துடன், முதலில் அரை மணி நேரம் என்று தொடங்கி மெல்லத் திரும்பினான்.

வெளி இடங்களில் நடக்கும் போட்டிகள்தான் இன்னும் கைக்கு வராதவை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பிள்ளைகளுக்கான கோடைப் போட்டி அட்டவணைகள் அதற்கேற்ப மாறியதாக நான் பார்க்கவில்லை. நண்பகல் ஆட்டங்கள் தொடர்கின்றன. இந்த முகாமின் பெற்றோர்கள் போட்டி அமைப்பாளர்களுக்குக் கொடுத்த கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன: தாமதமானால் ஓவர்களைக் குறைக்க வேண்டும், தண்ணீர் இடைவேளையைத் தொடக் கூடாது; 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 11 மணிக்கு மேல் ஆட்டம் வைக்கக் கூடாது; கழிப்பறை திறந்திருக்கும் மைதானத்தில் மட்டுமே ஆட்டம் நடத்த வேண்டும். முதல் கோரிக்கையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் மைதான வாடகையைக் காரணம் காட்டுகிறார்கள். அந்த இரண்டும் கிடைக்காத போட்டிகளுக்கு இந்த ஆண்டு அணியை அனுப்புவதில்லை என்று பயிற்சியாளர் முடிவு செய்திருக்கிறார்.